கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டு

கதவுக்கும் நிலைக்கும் நடுவில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தபால்தலை அளவு காகிதத் துண்டு ஒன்றைச் செருகிவிட்டுத்தான் அந்த நவம்பர் மாதம் நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கதவும் வெள்ளை, காகிதமும் வெள்ளை, தெரிந்தவருக்குத்தான் தெரியும். யாராவது கதவைத் திறந்தால் காகிதம் விழுந்துவிடும். திறந்தவர் அப்படியே மூடிவிட்டுப் போனாலும் விழுந்தது விழுந்ததுதான். இதைவிட நம்பகமான காவலாளி கிடையாது. தூங்கமாட்டான், பொய் சொல்லமாட்டான்.

திங்கள்கிழமை மாலை காகிதம் இருந்த இடத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை தரையில் கிடந்தது, கதவு மட்டும் ஒழுங்காக மூடியிருந்தது. புதன் இருந்தது. வியாழன் மறுபடியும் தரையில்.

செவ்வாயும் வியாழனும் காலையில் வீட்டில் இருக்கிற ஒரே ஆள் ஒன்னோ.

ஒன்னோ எங்கள் வீட்டின் மூன்றாவது அறைக்காரன். போஹும் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க நகரில், டிராம் வளைந்து திரும்புகிற முனையில், பழைய நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் மூன்று மாணவர்களாக இருந்தோம். சட்டம் படிக்கும் நெஸ்ரின் இதே ஊர்க்காரி. அவளுடைய அப்பா கடைசிச் சுரங்கம் மூடும்வரை நிலக்கரி வெட்டியவர். நான் ஸ்வென்யா. என் குடும்பமும் நான்கு தலைமுறையாக இங்கேதான். நான் படிப்பது சுரங்க அளவை. சுரங்கமே இல்லாத ஊரில் அதைப் படித்து என்ன பயன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சுரங்கம் மூடினால் பள்ளம் மூடிவிடுமா? கரியை எடுத்த வெற்றிடத்தில் மேலே உள்ள பாறை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. அதோடு தெரு இறங்கும், வீடு இறங்கும். கீழே ஊறும் தண்ணீரை இன்றைக்கும் பம்பு வைத்து இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். எது எங்கே எவ்வளவு இறங்கியது என்று சொல்ல ஆள் வேண்டுமே.

ஒன்னோவும் அதே படிப்புதான். வடகடல் ஓரத்திலிருந்து வந்தவன், நெட்டை, பேச்சு குறைவு. செப்டம்பர் முதல் தேதி வந்து சேர்ந்தான். எங்களிடம் வருவதற்கு முன் பதினேழு வீடுகளின் சமையலறைகளில் உட்கார்ந்து, பாத்திரம் கழுவுவாயா, பூனை பிடிக்குமா, புல்லாங்குழல் வாசிப்பாயா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லித் தோற்றிருந்தான். ஆறு வாரம் ஒரு தெரிந்தவனின் சோபாவில் படுத்திருக்கிறான். அந்தத் தெரிந்தவனும் ஊரை விட்டுப் போய்விட்டான்.

எங்கள் வீட்டில் ஒரு விதி. புதிதாக வருகிறவர் மூன்று மாதம் இருந்து காட்ட வேண்டும். மூன்றாம் மாதத்தின் கடைசி ஞாயிறு காலை சமையலறையில் கூடிப் பேசுவோம். பழையவர்களில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால்கூட அவர் கிளம்பத்தான் வேண்டும். நவம்பரின் கடைசி ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. குளிர்காலப் பருவம் தொடங்கிய பிறகு இந்த ஊரில் காலி அறை தேடுவது மூடிய சுரங்கத்தில் கரி தேடுவது மாதிரி. நான் வேண்டாம் என்றால் ஒன்னோ டிசம்பரில் தெருவில் நிற்பான். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் காகிதம் செருகினேன்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பேராசிரியருக்கு ஒரு மாணவ உதவியாளர் தேவைப்பட்டார். ஒரே இடம். விண்ணப்பித்தவர்களில் நானும் உண்டு, ஒன்னோவும் உண்டு. என் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. ஆவணக்காப்பில் தேடி, நூற்றிருபது வருடப் பழைய சுரங்க வரைபடம் ஒன்றின் பிலிம் பிரதியை இரவல் வாங்கியிருந்தேன். பள்ளிக்கூட விளையாட்டுத் திடல் ஒன்றின் அடியில் மறந்துபோன சுரங்க வாய் ஒன்று எங்கே இருக்கிறது என்பதை அதை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இரண்டு விரல் தடிமனில் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தேன். அந்தச் சுருளைப் பற்றி ஒன்னோ மூன்று தடவை கேட்டான். என்ன அளவுகோலில் வரைந்தது, எந்த வருடம், ஓரத்தில் எழுத்து படிக்கும்படி இருக்கிறதா. சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றான். சும்மா யாராவது மூன்று தடவை கேட்பார்களா?

நவம்பர் இரண்டாம் வாரம் சுருளைக் காணவில்லை.

மேசை, கட்டில், அலமாரி, பை எல்லாவற்றையும் புரட்டினேன். அலமாரி உச்சியில்தான் வைத்த ஞாபகம். நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன், தூசியும் ஒரு பழைய தொப்பியும்தான் இருந்தன. திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி நவம்பர் கடைசித் திங்கள். தொலைத்தேன் என்று சொன்னால் உதவியாளர் இடத்தை மறந்துவிடலாம்.

அன்றிலிருந்துதான் காகிதம். காகிதத்தோடு பென்சிலும். மேசையில் ஒரு பென்சிலை வைத்து, அதன் முனை இருக்கும் இடத்தில் ஊசியால் ஒரு புள்ளி குத்தினேன். செவ்வாய், வியாழனில் பென்சில் புள்ளியை விட்டு நகர்ந்து சுவர்ப் பக்கம் போயிருந்தது. ஒரு தடவை மேசை இழுப்பறை இரண்டு விரல் அகலம் திறந்திருந்தது. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினேன். அளவை படிக்கிறவளுக்கு இது கைவந்த கலை. ஒரு தடவை நடந்தால் தற்செயல், மூன்று தடவை நடந்தால் விதி என்று முதல் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

நெஸ்ரினிடம் சொன்னேன். அவள் சட்டக்காரியாகவே கேட்டாள்.

“கண்ணால பார்த்தியா?”

“காகிதம் விழுந்திருக்கு.”

“காகிதத்த கூண்டுல ஏத்தி சாட்சி சொல்லச் சொல்லவாடி? ஆள் நுழைஞ்சதுக்கு வேற என்ன வச்சிருக்க?”

“செவ்வாய், வியாழன் மட்டும்தான் நடக்குது. நீ இல்ல, நான் இல்ல. மிச்சம் யாரு?”

அதன்பிறகு அவளும் ஒன்னோவை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கினாள்.

சந்தேகம் வந்த பிறகு எல்லாம் அதற்கேற்ற மாதிரி தெரியும். ஒன்னோ அவன் ஊர் வழக்கப்படி கட்டிச் சர்க்கரை போட்டு, பாலாடையை ஓரமாக வழியவிட்டு, கலக்காமல் தேநீர் குடிப்பான். எனக்கும் ஒரு கோப்பை வைப்பான். முன்பு அதை நல்ல குணம் என்று நினைத்தேன். இப்போது, மனசாட்சி உறுத்துகிறது போலும் என்று நினைத்தேன். நடைகூடத்தில் நடக்கும்போது ஓரமாகத் தரையையே பார்த்து நடப்பான். ஒரு நாள் என் அறைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து எதையோ சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். கோலிக்குண்டு மாதிரி இருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான் என்று பட்டது.

கேட்காததற்குப் பதிலாக நான் செய்தது வேறு. கூட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஒன்னோவுக்கு ஆய்வகம் இருந்த நேரத்தில், அவன் அறைக்குள் போனேன். அவன் பூட்டுவதில்லை, எங்கள் வீட்டில் அதுவரை யாருமே பூட்டியதில்லை. சுருள் இல்லை. மேசை இழுப்பறையில் கட்டம் போட்ட சின்ன நோட்டு ஒன்று இருந்தது. திறந்தேன்.

“செவ். 10.14 ஸ்வெ. அறை. வியா. 10.14 ஸ்வெ. அறை. செவ். 10.14 ஸ்வெ. அறை.”

பக்கம் முழுவதும் இப்படியே. எதிரே இன்னொரு வரிசையில் ஏதோ எண்கள். படிகளில் காலடி கேட்டதால் அதைப் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இல்லை என்று தோன்றியது. நோட்டை வைத்துவிட்டு வெளியே வந்தேன். வந்தது கீழ்வீட்டுக்காரர்தான். திருடன் தன் கையாலேயே கணக்கு எழுதி வைத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்தோம். ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை. ஒன்னோ தேநீர் போட்டு மூன்று கோப்பைகளிலும் ஊற்றினான். முதல் வாரம் இதே மேசையில் நடந்தது எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவன் வைத்த முட்டை உருண்டு தரையில் விழுந்து உடைந்தது. இந்த வீடு சாய்ந்திருக்கிறது, அளந்து பார்த்தீர்களா என்று கேட்டான். நெஸ்ரின் விழுந்து விழுந்து சிரித்தாள். உங்க ஊர் தட்டு மாதிரி தட்டை, ஞாயித்துக்கிழமை வர்ற விருந்தாளி புதன்கிழமையே கண்ணுக்குத் தெரிவான், அங்கேயிருந்து வந்தவனுக்கு எல்லாமே மேடுதான் என்றாள். நானும் என் பங்குக்கு, முட்டையை நிற்கவைக்கத் தெரியாதவன் வீட்டைக் குறை சொல்கிறான் என்றேன். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் சுற்றி வளைக்கவில்லை. சுருள் காணாமல் போனது, காகிதம், பென்சில், இழுப்பறை, கிழமைகள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒன்னோ தடுக்காமல் கேட்டான். கடைசியில் நான் சொன்னேன்:

“பத்து பதினாலு. செவ்வாய், வியாழன். நீயே எழுதி வச்சிருக்கியே.”

அவன் கோப்பையை வைத்தான். முகம் மெதுவாகச் சிவந்தது. அதைக் குற்றத்தின் சிவப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

“நான் உன் ரூமுக்குள்ள போனதில்ல” என்றான். “உன் ரூமு கதவு தானா திறக்கும். நான் மூடுவேன். அவ்வளவுதான்.”

“பேய் திறக்குதா?” என்றாள் நெஸ்ரின்.

“டிராம் திறக்குது. இன்னைக்கு ஞாயிறு, பத்து இருபத்தாறுக்கு வரும். நீங்க ரெண்டு பேரும் நடைகூடத்துல நில்லுங்க. ஸ்வென்யா, தினமும் கிளம்பும்போது எப்படி வைப்பியோ அப்படியே உன் ரூம வச்சிட்டு வா.”

நான் போய் என் அறை ஜன்னலின் மேல் பாதியை வழக்கம்போல உள்பக்கம் சாய்த்துத் திறந்து வைத்தேன். கதவை மூடினேன். க்ளிக் என்ற சத்தம் கேட்டது. பிடிவாதமாகக் காகிதத்தையும் செருகினேன். ஒன்னோ சமையலறை ஜன்னலை அகலத் திறந்துவிட்டு அங்கேயே நின்றான். காலையில் ஐந்து நிமிடம் ஜன்னலைத் திறந்துபோட்டுக் காற்றை மாற்றுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். செவ்வாயும் வியாழனும் சாப்பிட்டு முடித்த பிறகு அவன் செய்வதும் அதுதானாம். மற்ற நாட்களில் காலையில் வீட்டில் ஆளே கிடையாது.

காத்திருந்தோம். குளிர் கணுக்காலைப் பிடித்தது. நெஸ்ரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, இது நடக்காவிட்டால் நீயே பெட்டியைக் கட்டு என்றாள். அவன் தலையை ஆட்டினான். பத்து இருபத்தைந்து. கதவு அசையவில்லை. அது அசையக்கூடாது என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

டிராம் வளைவில் திரும்பியது. தண்டவாளம் கிறீச்சிட்டது, அலமாரிக் கண்ணாடிகள் மெல்ல அதிர்ந்தன. என் கதவு, யாரோ விரலால் தள்ளியது போல ஒரு அங்குலம் உள்ளே போனது. காகிதம் விழுந்தது. பிறகு கதவு நிதானமாக, அவசரமே இல்லாமல், முழுவதும் திறந்து நின்றது.

நான் மண்டியிட்டுப் பூட்டைப் பார்த்தேன். பார்த்ததும் எல்லாம் புரிந்தது. புரிந்ததில் ஒரு நொடி மகிழ்ச்சிகூட வந்தது, அப்படிப்பட்ட பிறவி நான். கதவு விளிம்பில் இருக்கும் இரும்பு நாக்கு, நிலையிலுள்ள தகட்டின் துளைக்குள் போய் விழ வேண்டும். வீடு சாய்ந்ததில் நிலை கோணிவிட்டது. துளை கீழே இறங்கிவிட்டது. அதனால் நாக்கு துளைக்குள் போகாமல் அதன் உதட்டில் தொற்றிக்கொண்டு நின்றது. அந்தத் தொற்றலுக்கும் க்ளிக் சத்தம் வரும். அக்டோபரில் ஹீட்டர் போட்டதும் கதவு மரம் உலர்ந்து சுருங்க, தொற்றியிருந்த கொஞ்சமும் குறைந்தது. டிராம் உலுக்கும்போது நாக்கு வழுகும். சமையலறையிலிருந்து என் ஜன்னலுக்கு ஓடும் காற்று கதவைத் தள்ளும். மிச்சத்தைச் சாய்மானம் பார்த்துக்கொள்ளும். கீல் செங்குத்தாக இல்லாத கதவு ஊசல் மாதிரி, பள்ளம் இருக்கும் பக்கம் போய்த்தான் நிற்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் திறக்காது. அந்த மூன்றும் சேர்வது செவ்வாயும் வியாழனும்தான். கதவு திறந்ததும் பாயும் காற்றுதான் பென்சிலை உருட்டியிருக்கிறது, உலுக்கலும் சாய்மானமும்தான் இழுப்பறையை இழுத்திருக்கின்றன.

“சரி, கதவு தானா திறக்குது” என்றாள் நெஸ்ரின். “சுருளும் தானா எழுந்து நடந்து போச்சா?”

“நடக்காது” என்றான் ஒன்னோ. “உருளும்.”

அவன் சட்டைப்பையிலிருந்து கோலிக்குண்டை எடுத்து நடைகூடத் தரையில் வைத்தான். அது யோசித்துவிட்டுக் கிளம்பி, வாசலைத் தாண்டி, என் அறையின் வெளிச்சுவர் வரை ஓடி முட்டியது. நான் உள்ளே போனேன். நீயும் வா, தேடலாம் என்று அவனைக் கூப்பிட்டேன்.

“நான் உள்ள வரல” என்றான். வாசல் கட்டைக்கு வெளியிலேயே நின்றான்.

வெளிச்சுவரை ஒட்டித்தான் என் அலமாரி. நாற்காலி போட்டு ஏறி, மேசைப் பென்சிலை அதன் உச்சியில் வைத்தேன். பென்சில் சுவர்ப் பக்கமாக உருண்டு பின்விளிம்பைத் தாண்டி மறைந்தது. கீழே எதிலோ பட்டு டொக் என்றது. தரைச் சத்தம் இல்லை அது.

நெஸ்ரினும் நானும் அலமாரியை இழுத்தோம். சுவரடிப் பலகையின் தடிமனால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருந்தது. அதற்குள் செங்குத்தாக, ரப்பர் வளையம்கூடக் கழலாமல், சுருள் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் மேசை ஆடினால் பீர் கோப்பை வைக்கும் அட்டையை மடித்துக் காலுக்குக் கொடுப்போம். எங்கள் வீட்டில் மேசைக்கு மூன்று அட்டை, குளிர்சாதனப் பெட்டிக்கு ஐந்து, நெஸ்ரின் கட்டிலுக்கு நான்கு. கொடுத்த நிமிடமே மறந்தும் போவோம். அலமாரிக்கு மட்டும் யாரும் கொடுக்கவில்லை, ஏனென்றால் அது ஆடவில்லை. ஆடாமல் சாய்ந்து நிற்பது எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாய்மானத்தை அளப்பதற்கே படிக்கிற நான், நான்கு தலைமுறையாக அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள், அதைக் குற்றவாளிகளின் பட்டியலில் சேர்க்கவே இல்லை. வந்த முதல் வாரமே கண்டுபிடித்துச் சொன்னவனைச் சிரித்து வாயடைத்துவிட்டோம்.

சமையலறைக்குத் திரும்பினோம். தேநீர் ஆறியிருந்தது. ஒன்னோ நோட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். இந்தத் தடவை எதிர்வரிசையையும் படித்தேன்: கதவு எத்தனை நொடியில் முழுவதும் திறந்தது, கோலி எத்தனை நொடியில் சுவரைத் தொட்டது, தரை ஒரு மீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது. வீட்டுக்காரரிடம் கொடுக்கும்படி அறிக்கையாக எழுதி, மூன்று மாதம் முடிந்த பிறகு எங்களிடம் காட்டலாம் என்றிருந்தானாம். அதற்கு முன் சொன்னால் மறுபடி சிரிப்பீர்கள் என்று பயம். சிரிப்பவர்கள் கையில்தானே அறை இருக்கிறது.

ஒன்னோ இங்கேயே இருக்கட்டும் என்று நெஸ்ரின் கை தூக்கினாள். நானும் தூக்கினேன். மன்னித்துவிடு என்றேன். பரவாயில்லை என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

“ஒண்ணு கேக்கவா?” என்றான். “இந்த நோட்டு என் மேசை டிராயர்ல, அடியில இருந்தது. பத்து பதினாலுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

நெஸ்ரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்த விஷயத்தை நான் அவளிடமும் சொல்லியிருக்கவில்லை.

“வெள்ளிக்கிழமை போனேன்” என்றேன்.

“ஒரு தடவையா?”

“ஒரு தடவைதான்.”

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. இரண்டு வாரமாக நான் அவனைப் பார்த்தது அப்படித்தான். ஒரு தடவைதான் என்பதற்கு என்னிடம் காகிதம் இல்லை, புள்ளி இல்லை, தேதி போட்ட பட்டியல் இல்லை. என் வாய்ச்சொல் மட்டும்தான் இருந்தது.

திங்கள்கிழமை சுருளைத் திருப்பிக் கொடுத்தேன். உதவியாளர் இடம் எங்கள் இருவருக்கும் கிடைக்கவில்லை, வேறொருத்திக்குப் போனது. ஒன்னோ போகவில்லை, போவதற்கு இடமும் இல்லை. அந்த வாரமே ஒரு அரத்தை எடுத்துவந்து, என் கதவு நிலையின் தகட்டுத் துளையை மேல்பக்கமாக மூன்று மில்லிமீட்டர் பெரிதாக்கிக் கொடுத்தான், நான் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து. நாக்கு இப்போது துளைக்குள் ஆழமாகப் போய் விழுகிறது. டிராம் எத்தனை உலுக்கினாலும் கதவு அசைவதில்லை.

பிறகு அதே அரத்தால் தன் கதவின் தகட்டையும் சரிசெய்தான். பத்து வருடமாக யாரும் தொடாத அந்தப் பூட்டுக்கு எண்ணெய் விட்டான். தேநீர் இன்னமும் மூன்று கோப்பை வைக்கிறான். ஆனால் குளிக்கப் போனாலும், குப்பை கொட்டக் கீழே போனாலும், அவன் அறையின் சாவி இரண்டு சுற்றுச் சுற்றுவது எனக்குக் கேட்கும். நல்ல பூட்டு. இரண்டாவது சுற்றில் நாக்கு இன்னொரு அரை அங்குலம் உள்ளே போகும். சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம்.